டிராக்டர் செய்தவர் செய்த மகிழுந்து

நுழையும் முன்

நாம் பயன்படுத்தும் பொருள்களுள் பெரும்பாலானவை பழையனவாக ஆக விலை குறைந்து, இறுதியில் எடைக்குப் போடப்படுகின்றன. மிகச் சில பொருள்களே ஆண்டுகள் செல்லச் செல்ல விலை ஏறுகின்றன. இத்தாலி நாட்டில் 1966 முதல் 1973 வரை செய்யப்பட்ட மியூரா என்னும் மகிழுந்து அத்தகைய பொருள்களுள் ஒன்று. நன்கு பேணப்பட்ட மியூரா ஒன்று இன்று ஏலத்திற்கு வருமாயின், அதன் விலை பத்து இலட்சம் அமெரிக்க டாலரையும் கடந்து செல்வதுண்டு. அம்மகிழுந்தைச் செய்வித்தவர் பந்தய வீரரும் அல்லர். பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளையும் அல்லர். உழவர் குடியில் பிறந்து, டிராக்டர் செய்து விற்று உயர்ந்தவர். ஃபெருச்சியோ லம்போர்கினி என்னும் அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலியின் வடபகுதியை வளப்படுத்துவது போ என்னும் ஆறு. அதன் தென்பால் விரிந்து கிடக்கும் சமவெளி, எமிலியா-ரோமான்யா மாநிலத்தைச் சேர்ந்தது. கோதுமையும் திராட்சையும் விளையும் நிலம் அது. அம்மாநிலத்தின் ஃபெராரா மாவட்டத்தில், சென்டோ நகரை அடுத்த ரெனாட்சோ என்னும் சிற்றூரில் 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஃபெருச்சியோ பிறந்தார். தந்தை அந்தோனியோ, தாய் எவெலினா. இருவரும் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள்.

உழவர் வீட்டுப் பிள்ளை உழவனாவதே அக்காலத்து வழக்கம். ஆனால் ஃபெருச்சியோவின் மனம் பயிரைவிடப் பண்ணைக் கருவிகளிலேயே மிகுதியாக ஈடுபட்டது. ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது, ஏன் நின்றுபோகிறது, மீண்டும் எவ்வாறு இயங்கச் செய்யலாம் என்பனவே அவரை ஈர்த்த வினாக்கள். பொலோன்யா நகருக்கு அருகிலிருந்த தொழிற்பள்ளி ஒன்றில் சேர்ந்து அவர் எந்திரத் தொழில் பயின்றார். பிற்காலத்தில் அவர் அடைந்த உயர்வுக்கு இக்கல்வியே அடித்தளமாயிற்று.

போர் தந்த பட்டறிவு

1940-இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஃபெருச்சியோ வான்படைப் பணிக்கு அழைக்கப்பட்டார். அவர் வானூர்தி ஓட்டவில்லை; இத்தாலியின் ஆட்சியில் இருந்த ரோட்ஸ் தீவில் படை வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணி அவருக்குக் கிடைத்தது. நாளடைவில் அப்பணிமனையை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

தீவில் பழுதுபார்ப்பது எளிதன்று. கடல் கடந்து உதிரிப் பாகங்கள் வந்து சேர்வது அரிது. ஒரு வண்டியில் கெடாமல் இருக்கும் பாகத்தைக் கழற்றி, மற்றொரு வண்டியில் பொருத்தி, எப்படியேனும் அதை ஓட வைக்க வேண்டும். இல்லாததை எண்ணி வருந்தாமல் இருப்பதைக் கொண்டு செய்துமுடிக்கும் பழக்கத்தை அவர் அங்கே பெற்றார்.

1945-இல் போர் முடிந்தபோது தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஃபெருச்சியோ போர்க் கைதியானார். மறு ஆண்டே அவர் தாயகம் திரும்ப முடிந்தது.

ஊர் திரும்பியவர் பியேவே தி சென்டோ என்னும் ஊரில் பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். கிளேலியா என்னும் பெண்மணியை மணந்தார். 1947-இல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் அம்மகப்பேற்றின்போதே மனைவி உயிர்நீத்தார். கையில் பச்சிளங் குழந்தை. வெளியே போரால் நலிந்து கிடந்த நாடு. இந்நிலையில்தான் அவர் தம் முதல் பெருமுயற்சியில் இறங்கினார்.

போர்க்கலமும் ஏர்க்கலமும்

போர் முடிந்த இத்தாலியில் வயல்கள் இருந்தன; உழுவதற்குப் போதிய டிராக்டர்கள் இல்லை. இருந்தவற்றின் விலையும் சிற்றுழவர்களுக்கு எட்டாததாக இருந்தது. மறுபுறம், போர்க்காலத்து வண்டிகள் பயனற்றுப் போய் ஆங்காங்கே குவிந்து கிடந்தன. ஒருபுறத்துத் தேவையையும் மறுபுறத்துக் கழிவையும் ஃபெருச்சியோ இணைத்துப் பார்த்தார். கைவிடப்பட்ட சரக்குந்துகளின் எஞ்சின்களையும் பிற வண்டிகளின் பாகங்களையும் வாங்கி, அவற்றைக் கொண்டு டிராக்டர் செய்தார்.

அதில் அவர் செய்த ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. அந்த எஞ்சின்கள் பெட்ரோலில் இயங்குபவை. அன்றைய இத்தாலியில் பெட்ரோலின் விலை மிகுதி. டீசலின் விலை குறைவு. எரிபொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் அமைப்பு ஒன்றை ஃபெருச்சியோ உருவாக்கினார். அதன் துணையால், எஞ்சினைப் பெட்ரோலில் தொடங்கி, அது சூடேறிய பின் டீசலுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. உழவரின் செலவு குறைந்தது. கரியோக்கா எனப் பெயர்பெற்ற அவ்வகை டிராக்டருக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, 1948-இல் சென்டோவில் டிராக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதே ஆண்டில் மற்றோர் ஆசையையும் அவர் தீர்த்துக்கொண்டார். சிறிய ஃபியட் மகிழுந்து ஒன்றைத் தம் கையாலேயே மாற்றியமைத்து, ஆயிரம் கல் பந்தயம் எனப் பொருள்படும் மில்லே மில்யா என்னும் நெடுந்தொலைவுப் பந்தயத்தில் ஓட்டினார். வண்டி சாலையோர உணவகம் ஒன்றின் சுவரில் மோதியதோடு பந்தயம் முடிந்தது. அதன்பின் ஓட்டப் பந்தயத்தின்மீது அவருக்கு நாட்டமே இல்லாமல் போயிற்று.

டிராக்டர் தொழில் ஆண்டுதோறும் வளர்ந்தது. பழைய பாகங்களை நம்பிய நிலை மாறி, நிறுவனம் தானே எஞ்சின்களைச் செய்யலாயிற்று. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்புகளையும் குளிர்சாதனக் கருவிகளையும் செய்யும் மற்றொரு தொழிலும் தொடங்கப்பெற்றது. நாற்பது வயதைக் கடந்தபோது ஃபெருச்சியோ அப்பகுதியின் செல்வர்களுள் ஒருவராகியிருந்தார்.

கிளட்ச் பற்றிய ஒரு கதை

செல்வம் சேர்ந்ததும் விரைவு மகிழுந்துகளை அவர் வாங்கத் தொடங்கினார். அவற்றுள் மரனெல்லோ என்னும் ஊரில் செய்யப்பட்ட ஃபெராரி மகிழுந்துகளும் இருந்தன. அவை விரைவாக ஓடின. ஆயினும் அவற்றின் கிளட்ச் அடிக்கடி பழுதடைந்தது. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குச் செலுத்தவும், வேண்டும்போது துண்டிக்கவும் உதவும் உறுப்பே கிளட்ச். பழுதுபார்க்கும் கடையிலிருந்து வாழ்வைத் தொடங்கிய ஒருவர், தம் வண்டியின் பழுதைப் பார்த்துக்கொண்டு வாளா இருப்பாரா? பாகங்களைப் பிரித்து ஆராய்ந்தார். தம் டிராக்டரில் பொருத்தும் கிளட்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை எனக் கண்டாராம்.

இதை என்சோ ஃபெராரியிடம் அவர் எடுத்துரைத்ததாகவும், டிராக்டர் செய்பவருக்கு விரைவு மகிழுந்தைப் பற்றி என்ன தெரியும் என்னும் பொருள்பட ஃபெராரி அவரைப் புறக்கணித்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இக்கதை சொல்வோர்க்குத் தக்கவாறு பலவாறாகச் சொல்லப்படுகிறது. அதன் ஒவ்வொரு சொல்லும் உண்மையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதன் பின்னர் ஃபெருச்சியோ செய்தவை பலரறிய நடந்தவை.

புதிய ஆலை

1963-ஆம் ஆண்டு மோதேனாவிற்கும் பொலோன்யாவிற்கும் இடையிலுள்ள சாந்த் ஆகத்தா பொலோன்யேசே என்னும் ஊரில் மகிழுந்து ஆலையை அவர் நிறுவினார். ரிஷப இராசியில் பிறந்தவர் ஆதலின் காளையையே நிறுவனத்தின் சின்னமாகக் கொண்டார். ஃபெராரியில் முன்பு பணியாற்றிய ஜோட்டோ பிட்சாரினி என்னும் பொறியாளர் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினை வடிவமைத்தார்.

அவ்வாண்டின் இறுதியில் துரின் நகரக் கண்காட்சியில் முதல் மகிழுந்து வைக்கப்பட்டது. ஆனால் எஞ்சின் அதனுள் அமையவில்லை. எனவே எஞ்சின் இல்லாமலேயே வண்டி காட்சிக்கு நின்றது. எடை குறைந்து வண்டி உயர்ந்து நிற்காதிருக்க உள்ளே செங்கற்களை வைத்து, மூடியைத் திறவாமலே காத்தனர் என்பர். இத்தகைய தொடக்கம் எவரையும் தளரச் செய்யும். ஃபெருச்சியோ தளரவில்லை. வடிவத்தைத் திருத்தச் செய்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஜெனீவா கண்காட்சியில், ஓடக்கூடிய முழுமையான மகிழுந்தாக அது வெளிவந்தது. 1964 முடிவதற்குள் பதின்மூன்று மகிழுந்துகள் செய்யப்பட்டன. அளவில் சிறிய தொடக்கம். ஆனால் ஆலை நிலைபெற்றுவிட்டது.

மியூரா

அவ்வாலையின் பொறியாளர்களான ஜான்பாவ்லோ தல்லாராவும் பாவ்லோ ஸ்தான்சானியும் முப்பது வயதை எட்டாத இளைஞர்கள். வண்டிகளை ஓட்டிச் சோதித்த பாப் வாலஸ் நியூசிலாந்து நாட்டிலிருந்து வந்தவர். பந்தய வண்டியைப் போன்ற ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது இம்மூவரின் வேட்கை. பந்தயம் பணத்தை விழுங்கும் என்று கருதிய ஃபெருச்சியோவோ அதை விரும்பவில்லை. ஆகவே, பணி நேரத்திற்குப் பின்னர் இரவுகளில் அமர்ந்து அவர்கள் திட்டம் தீட்டினர். திட்டத்தைக் கண்டபோது ஃபெருச்சியோ தம் கருத்தைச் சற்றே தளர்த்தினார். பந்தயத்திற்கு ஒப்பவில்லை, சாலையில் ஓடும் வண்டியாக அதைச் செய்ய இசைந்தார். நிறுவனத்தின் பெயர் பரவ அது உதவும் என்பது அவர் கணிப்பு.

அக்காலச் சாலை மகிழுந்துகளில் எஞ்சின் பெரும்பாலும் முன்பகுதியில் இருக்கும். இவர்கள் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தனர். எடை வண்டியின் நடுவில் சேர்வதால், வளைவுகளில் வண்டி எளிதாகத் திரும்பும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. ஆகையால் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தனர். இடத்தை மிச்சப்படுத்த, எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே உறைக்குள் அமைத்தனர். நான்கு லிட்டரை நெருங்கிய கொள்ளளவு உடைய அவ்வெஞ்சின், தொடக்கத்திலேயே 350 குதிரைத்திறன் தந்தது.

1965-இல் துரின் கண்காட்சியில் உடற்கூடு இல்லாத வெறும் அடிச்சட்டம் மட்டுமே வைக்கப்பட்டது. அதைக் கண்டே சிலர் வாங்க முன்வந்தனர். பெர்த்தோனே நிறுவனத்தில் பணியாற்றிய மர்ச்செல்லோ கந்தீனி என்னும் இளைஞர் உடற்கூட்டை வரைந்தார். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 27. இடுப்பளவை ஒட்டிய உயரம், தரையோடு படிந்த தோற்றம், முகப்பு விளக்குகளைச் சுற்றி இமைமயிர் போன்ற கறுப்புக் கீற்றுகள் எனப் புதுமைகள் பல அதில் இருந்தன. காளை வளர்ப்பில் பெயர்பெற்ற ஸ்பெயின் நாட்டுக் குடும்பம் ஒன்றின் பெயரால் அது மியூரா எனப்பட்டது. மிகுவிரைவு மகிழுந்து வகைக்கு அதையே முன்னோடியாகப் பலர் கருதுகின்றனர்.

மியூராவிற்குக் குறைகளும் இருந்தன. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்தியமையால், பற்சக்கரங்களிலிருந்து உதிரும் நுண்துகள்கள் எஞ்சினுக்குள் புகக்கூடும். எரிபொருள் தொட்டி முன்பக்கத்தில் இருந்தது. எரிபொருள் குறையக் குறைய, மிகுவிரைவில் வண்டியின் முன்பக்கம் இலேசாயிற்று. ஆலையினர் ஆண்டுதோறும் திருத்தங்கள் செய்தனர். 1971-இல் வெளியான வகையின் பிற்பகுதி வண்டிகளில் எண்ணெய் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது.

விட்டுக்கொடுத்த காலம்

1970-களின் தொடக்கத்தில் ஃபெருச்சியோவுக்குச் சோதனைகள் வந்தன. இத்தாலியத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் பெருகின. தென்னமெரிக்க நாடான பொலிவியாவில் ஆட்சி மாறியதால், அந்நாடு கேட்டிருந்த டிராக்டர்களுக்கான பெரிய ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அனுப்ப ஆயத்தமான டிராக்டர்கள் வாங்குவாரின்றி நின்றன. டிராக்டர் தந்த வருவாயே மகிழுந்து ஆலைக்குத் துணையாக இருந்தது. அவ்வேர் ஆட்டங்கண்டபோது மரமும் ஆட்டங்கண்டது.

மியூராவின் அடுத்த தலைமுறையான கவுன்டாச்சின் முன்மாதிரி 1971-இல் ஜெனீவாவில் மக்களை வியக்கச் செய்திருந்தது. அது விற்பனைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் அவர் நிலைமையை உள்ளவாறே எடைபோட்டார். 1972-இல் மகிழுந்து நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்கை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவருக்கு விற்றார். அடுத்து, டிராக்டர் நிறுவனத்தைச் சாமே என்னும் இத்தாலிய நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 1974-இல் மகிழுந்து நிறுவனத்தில் எஞ்சிய பங்கையும் விற்றார். கவுன்டாச் விற்பனைக்கு வந்த அதே ஆண்டில், அதன் ஆலையில் அவருக்கு உரிமை ஏதும் இல்லை.

பெயர் மட்டும் வாயிலில் நின்றது. நிறுவனம் பலர் கைமாறி, நொடித்து, மீண்டு, 1998-இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனத்தைச் சேர்ந்தது. டிராக்டர் தொழிலின் வழி வந்த நிறுவனத்திற்கு இன்று நம் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையிலும் ஓர் ஆலை உண்டு.

ஃபெருச்சியோ ஊம்பிரியா மாநிலத்தில் திராசிமேனோ ஏரிக்கரையில் வாங்கியிருந்த நிலத்திற்குச் சென்றார். திராட்சை பயிரிட்டார்; அதிலிருந்து மது வடித்து விற்றார். அதற்கு மியூராவின் குருதி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். உழவை விட்டு எந்திரத்தை நாடியவர் இறுதியில் நிலத்திற்கே திரும்பினார். 1993 பிப்ரவரி 20-ஆம் நாள் பெருஜா நகரில் தம் 76-ஆம் வயதில் காலமானார். பிறந்த ஊரான ரெனாட்சோவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாயை இழந்து பிறந்த மகன் தோனினோ, தந்தையின் நினைவாக அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தார். அங்கே டிராக்டர்களும் மகிழுந்துகளும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன.

விலை எதற்கு?

மியூராக்கள் மொத்தம் 760-ஐ ஒட்டிய எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டன. அவற்றுள் சில விபத்தில் அழிந்தன, சில தீப்பற்றின. எஞ்சியவற்றுள் ஒன்று விற்பனைக்கு வரும்போது, வாங்க வருபவர் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஆலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். வண்ணம் ஆலையில் பூசிய அதே வண்ணமா, இருக்கையின் தோல் மாற்றப்பட்டதா, எப்போது எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்பதற்குச் சான்று உண்டா என்று வினவுகிறார். இத்தகைய பழைய வண்டிகளை ஆராய்ந்து சான்றளிக்கவும் செம்மைப்படுத்தவும் லம்போர்கினி நிறுவனமே 2015-இல் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது.

பேணுதல் என்பது பூட்டி வைத்தல் அன்று. நெடுங்காலம் ஓடாத வண்டியில் இரப்பர்ப் பாகங்கள் உலர்ந்து வெடிக்கும். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் கெட்டுப் படியும். அவ்வப்போது ஓட்டி, எண்ணெய் மாற்றி, தேய்ந்ததை மட்டும் மாற்றி, நல்லதை அப்படியே விட்டுவைப்பதே சிறந்த பேணல். ரோட்ஸ் தீவின் பணிமனையில் இளைஞர் ஃபெருச்சியோ செய்ததும் ஏறத்தாழ இதுவே.

மியூராவிற்கு இன்று கொடுக்கப்படும் பெரும்பொருளில் ஒரு காசும் அதைச் செய்தவர்களுக்குச் சேராது. எனினும், எதற்காக அவ்விலை கொடுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரவுகளில் கண்விழித்த மூன்று இளைஞர்களின் திட்டம், 27 வயது ஓவியரின் கோடு, பெயர் அறியப்படாத ஆலைத் தொழிலாளர்களின் கைத்திறன், அவர்களை நம்பி இசைவு தந்த டிராக்டர் முதலாளி ஒருவரின் துணிவு ஆகியவை அந்த வண்டியில் மாறாமல் இருக்கின்றன. அவை மாறாமல் இருக்கின்றனவா என்பதைத்தான் வாங்க வருபவர் எண்களைக் கொண்டு சரிபார்க்கிறார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் தையல் பொறியோ மிதிவண்டியோ கடிகாரமோ இருக்கலாம். அதைச் செய்தவர் யார், இத்தனை நாள் அதைப் பேணியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டறியுங்கள்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரோட்ஸ் தீவில் ஃபெருச்சியோ பெற்ற பட்டறிவு யாது?
2. கரியோக்கா டிராக்டர் உழவரின் செலவை எவ்வாறு குறைத்தது?
3. மியூராவில் எஞ்சின் எங்கே வைக்கப்பட்டது? அதனால் விளைந்த பயன் என்ன?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. நன்கு பேணப்பட்ட பழைய மகிழுந்தை வாங்குவோர் எவற்றை ஆராய்கின்றனர்? ஏன்?
2. கவுன்டாச் விற்பனைக்கு வருமுன்பே ஃபெருச்சியோ தம் பங்கை விற்றது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டிலுள்ள பழைய கருவி ஒன்றை விற்பனைக்கு அறிவிப்பதாகக் கொண்டு, அதன் நிறைகளையும் குறைகளையும் மறைக்காமல் பத்து வரிகளில் ஓர் அறிவிப்பு எழுதுக.